மெல்லிய எஃகுச் சுவர்க்கால்களும் மூடுபலகையும்

சூடேற்றாமல் மெல்லிய எஃகுத் தகட்டை உருளைகளுக்கிடையே செலுத்தி 'ப' வடிவில் மடித்த கால்களை வரிசையாக நிறுத்தி, இரு புறமும் ஜிப்சம் அட்டையையோ ஒட்டுப்பலகையையோ திருகாணிகளால் பொருத்திச் சுவர் எழுப்பும் முறை நம் நாட்டிலும் கையாளப்படுகிறது. 2021 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பெற்ற அகர்தலா வீட்டுத் திட்டத்திற்கு இத்தகைய மெல்லெஃகுச் சட்டமே தெரிந்தெடுக்கப்பட்டது. இச்சுவர்களில் பலகை வெறும் மூடுபொருள் என்று எண்ணுதல் பிழை.

இதனை விளக்க, ஆசிரியர் மெல்லிய அடிக்கோலொன்றை மேசைமீது செங்குத்தாக நிறுத்தி மேலிருந்து அழுத்தலாம். கோல் நசுங்குவதில்லை, பக்கவாட்டில் வில்போல் வளைகிறது. இதுவே நெளிவு. பின்னர் மாணவனொருவன் கோலின் நடுப்பகுதியை இரு விரல்களால் அசையாது பற்றிக்கொண்டால், அதனை நெளியச் செய்ய ஏறக்குறைய நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். விரல்களுக்கோ சிரமமே இல்லை. தாங்கலற்ற நீளம் பாதியானால் நெளிவுப் பாரம் நான்கு மடங்காகும் என்பது பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் கண்ட விதியிலிருந்து பெறப்படுவது.

சுவர்க்கால் சுவரின் நீளவாக்கில் எளிதில் நெளியும், முறுகவும் செய்யும். அவ்விரண்டையும் தடுப்பவை திருகாணிகளும் பலகையுமே. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் விண்டரும் அவர்தம் கூட்டாளிகளும் இதனை ஆராய்ந்து 1947-ல் முடிவுகளை வெளியிட்டனர். 2.4 மீட்டர் உயரக் காலில் 300 மில்லிமீட்டருக்கு ஒரு திருகாணி இருப்பதாகக் கொள்வோம். ஒன்று பழுதுபடலாம் என்று கருதி, கணக்கில் இடைவெளியை இரட்டித்து 600 மில்லிமீட்டராகக் கொள்வது வழக்கம். அவ்வாறு கொண்டாலும் நீளம் நான்கில் ஒன்றாகிறது. அத்திசையில் நெளிவுப் பாரம் பதினாறு மடங்கு. ஆனால் காலின் வலிமையே அத்தனை மடங்கு பெருகிற்று என்று கொள்ளலாகாது. அதற்கு முன்னரே கால் சுவருக்குக் குறுக்காக நெளியலாம், அல்லது தகடு ஆங்காங்கே அலையலையாக மடியலாம்.

எனவே, பலகை பொருத்துமுன் மேல்தளத்தின் பாரத்தைக் கால்கள்மீது ஏற்ற நேர்ந்தால், தற்காலிகக் குறுக்குத் தாங்கல் இன்றியமையாதது. ஒரு புறம் மட்டும் பலகையிட்ட காலின் மறு விளிம்பு தடையின்றி முறுகும். நனைந்த ஜிப்சம் அட்டை திருகாணியைப் பற்றும் வலிமையை இழக்கும். திருகாணியை அளவுக்கு மீறி முடுக்கினாலும் அட்டையின் மேற்காகிதம் கிழிந்து பிடிப்புத் தளரும். மேற்பார்வையாளர் திருகாணித் தலைகளை விரலால் தடவிப் பார்த்தே இதனைக் கண்டுபிடித்துவிடலாம்.