பழைய வாகனத்தின் எண்ணெய் அழுத்தக் கிளச்: குறை அறிதலும் காற்றகற்றலும்



பூனாகலை போன்ற மலைப்புறங்களில் விளையும் கோவா, போஞ்சி, கரட் முதலியன வாடுமுன் சந்தையை அடைதல் வேண்டும். வாகனம் வழியில் நின்றுவிடின் விளைவித்தவனுக்கே நட்டம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே கொட்டிலிற் கிடக்கும் பழைய வாகனத்தைக் கழற்றிப் பூட்டி ஓட்ட விரும்புவோர் கிளச்சின் இயல்பை அறிந்திருத்தல் நன்று.

1. அமைப்பு

1958-இல் வெளிவந்த லாண்ட் ரோவர் இரண்டாம் தொடரிலும், 1962-இல் வெளிவந்த எம்.ஜி.பி. விளையாட்டுக் காரிலும் கிளச் எண்ணெய் அழுத்தத்தினாலேயே இயங்குகின்றது. பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைக் குழாய்வழியே தள்ளும். கியர்ப் பெட்டியின் அருகிலுள்ள ஸ்லேவ் சிலிண்டர் அதனைப் பெற்றுத் தன் தண்டினால் கிளச்சை விடுவிக்கும்.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள். உள்ளே காற்றிருந்தால் கைப்பிடி சிறிது இறங்கும். நீர் நிறைந்திருந்தால் இறங்காது. குழாயிற் காற்றுப் புகுந்தால் கிளச் கெடுவதும் இக்காரணத்தினாலேயே. மிதியின் வலு காற்றைச் சுருக்குவதிற் கழிந்துவிடுகின்றது.

2. முதற் சோதனை

கிளச் விடவில்லை என்றவுடன் கியர்ப் பெட்டியை இறக்குதல் வீண் செலவு. முதலில் இயந்திரத்தை நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஒருவர் பெடலை மிதிக்க, மற்றொருவர் ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு எவ்வளவு நகர்கின்றது என்று அளந்து பார்க்கவேண்டும். பல வாகனங்களில் ஏறக்குறைய அரை அங்குலம் நகரும். சரியான அளவை அவ்வாகனத்தின் கைந்நூலிற் காண்க.

(அ) தண்டு நகரவில்லை. பெடல் அடிவரை விழுகின்றது: எண்ணெய் குறைந்திருக்கலாம், ஒழுகலாம், அல்லது மாஸ்டர் சிலிண்டரின் இறப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம்.

(ஆ) பெடல் மெத்தென்றிருந்து, இரண்டு மூன்று முறை மிதித்தபின் இறுகுகின்றது: உள்ளே காற்று உண்டு.

(இ) பெடலை மிதித்தபடியே வைத்திருக்க, அது மெல்ல இறங்குகின்றது: வெளியே ஒழுக்கு இல்லையெனின், மாஸ்டர் சிலிண்டரின் உள்வளையம் எண்ணெயைக் கசியவிடுகின்றது.

(ஈ) காற்றில்லை, ஆயினும் தண்டு குறைவாகவே நகர்கின்றது: பெடலின் ஆணியும் அதன் துளையும் தேய்ந்திருக்கலாம். வளையும் இறப்பர்க் குழாய் மிதிக்கும்போது வீங்குகின்றதா என்றும் நோக்குக.

(உ) தண்டு முழுதும் நகர்கின்றது; கியர் விழவில்லை: குறை உள்ளேயே உளது. நெடுநாள் நின்ற வாகனத்தில் கிளச் தட்டு துருவினால் ஒட்டியிருக்கலாம். பூட்டும்போது தட்டைத் திருப்பிப் போட்டிருக்கவும் கூடும். அப்பொழுதே கியர்ப் பெட்டியை இறக்குக.

3. காற்றகற்றும் முறை

ஸ்லேவ் சிலிண்டரின் காற்றுத் திருகு மேற்புறமாக இருத்தல் வேண்டும். தலைகீழாகப் பூட்டினால், எத்தனை முறை மிதித்தாலும் காற்று வெளியேறாது. திருகின் முனையில் ஒரு தெளிந்த குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது எண்ணெய் உள்ள போத்தலில் அமிழ்த்துக. ஒருவர் பெடலை மிதித்தபின் திருகை அரைச் சுற்றுத் திறந்து, பெடலை விடுமுன் மூடுக. குமிழிகள் நிற்கும்வரை இவ்வாறே செய்க. மேலுள்ள கலத்தில் எண்ணெய் பாதிக்குக் கீழே இறங்கவிடலாகாது. இறங்கின் புதிதாகக் காற்றுப் புகும். ஸ்லேவ் சிலிண்டர் கழற்றியிருக்கும்போது பெடலை மிதித்தல் கூடாது. உட்தண்டு வெளியே பாய்ந்துவிடும்.

4. எண்ணெய்

தயாரிப்பாளர் குறித்த பிறேக் எண்ணெயையே ஊற்றுக. இயந்திர எண்ணெய் இத்தகைய இறப்பர் வளையங்களை வீங்கச் செய்யும். சில பழைய வாகனங்களில் கிளச்சிற்கும் பிறேக்கிற்கும் ஒரே கலம். அவற்றில் தவறான எண்ணெய் பிறேக்கையும் கெடுத்து உயிருக்கே ஊறு விளைவிக்கும். பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுமாதலால், நெடுநாள் திறந்திருந்த போத்தலிலுள்ளதைப் பயன்படுத்தலாகாது. வெளியேற்றியதையும் மீண்டும் ஊற்றற்க. வர்ணப்பூச்சிற் சிந்தினால் உடனே நீரால் கழுவுக. இறப்பர் வளையங்களைப் பெற்றோலினாலோ மண்ணெண்ணெயினாலோ துடைக்கவேண்டாம்.

5. இறக்கத்தில் எச்சரிக்கை

கொஸ்லந்தைப் பக்கம் இறங்குகையில் கிளச் செயலற்றுப்போனால், கியரை விடுவிக்க முயலவேண்டாம். தாழ்ந்த கியரிலேயே வைத்து, பிறேக்கை அளவாகப் பிரயோகித்து, ஓரமாக நிறுத்துக. இயந்திரம் தானே நின்றுவிடும். கைப்பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்குக் கல் வைத்தபின்னரே இறங்கிப் பார்க்கவேண்டும்.

நினைவிற் கொள்க: முதலில் எண்ணெய் அளவு; அடுத்து ஒழுக்கு; பின் தண்டின் நகர்வு; அதன் பின்னரே கியர்ப் பெட்டி. சுமை ஏற்றுமுன் சமதரையில் ஓட்டிப் பார்த்து, பிறேக்கையும் சோதித்துக்கொள்க.