பூட்டிய அறைக்கும் வாடகையா?

நம் பிள்ளைகளில் பலர் இன்று அலுவலக சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார்கள். சிறு தொழில் நடத்திச் சொந்தமாக சர்வர் வைத்திருப்பவர்களும் நம்மிடையே உண்டு. இவர்கள் எல்லோருக்கும் வரும் சந்தேகம் ஒன்று: தேவைக்கு மேல் உள்ள கோர்களை ஓடவிடுவதா, அணைத்துவிடுவதா?

கோர் என்பது பிராசசருக்குள் தனித்து வேலை செய்யும் ஒரு மூளை. விண்டோஸ் சர்வருக்கு 2016 பதிப்பிலிருந்து கோர்களை எண்ணியே உரிமம் தரப்படுகிறது. இயந்திரம் முழுவதற்கும் வாங்கும்போது பிராசசருக்குக் குறைந்தது 8, சர்வருக்குக் குறைந்தது 16 கோர்களுக்கு உரிமம் வேண்டும். 12 கோர் கொண்ட 2 பிராசசர்கள் இருந்தால் 24. ஒரே பிராசசரில் 8 கோர்தான் என்றாலும் 16தான்.

வாடகை வீட்டில் குடியிருந்த நமக்கு இது புதிதல்ல. மூன்று அறை வீட்டில் ஓர் அறையைப் பூட்டி வைத்தால் வீட்டுக்காரர் வாடகையைக் குறைப்பாரா? ஹைப்பர்த்ரெடிங்கை நிறுத்தினாலும், ஒரு புரோகிராமுக்கு மட்டும் சில கோர்களை மறைத்தாலும் விண்டோஸ் கணக்கு குறையாது.

அப்படியானால் எங்கே மிச்சம் பிடிக்கலாம்? எஸ்.க்யூ.எல். சர்வரை மெய்நிகர் இயந்திரத்தில் நிறுவினால், அதற்கு ஒதுக்கிய கோர்களுக்கு மட்டும் உரிமம் வாங்கலாம். குறைந்தது 4 வேண்டும். 8 ஒதுக்கிய இடத்தில் 4 போதுமானால் செலவு பாதியாகும். 2022 பதிப்பில் இந்த முறைக்குச் சந்தாவோ, சாப்ட்வேர் அஷ்யூரன்சோ அவசியம். ஐ.பி.எம். பவர் இயந்திரங்களிலோ, உறங்கும் கோர்களுடன் பெட்டியை வாங்கி, தேவைப்படும்போது குறியீடு கொடுத்து எழுப்பும் வசதி உண்டு.

முடிவெடுக்குமுன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள்.

1. ஒரு மாதமாவது பளுவைக் கவனியுங்கள். சம்பளப் பட்டியல் போடும் நாளும், மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் நாளும் அதில் அடங்க வேண்டும். சாதாரண நாளை மட்டும் பார்த்துக் குறைத்தால், அவசர நாளில் எல்லோரும் திரையைப் பார்த்துக் காத்திருக்க நேரும்.

2. நிரந்தர உரிமத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டதா? அப்படியானால் கோர்களை அணைப்பதால் அந்தப் பணம் திரும்பாது, ஓடட்டும். சந்தா என்றால், புதுப்பிக்கும் தேதிக்கு முன்பே குறையுங்கள்.

3. எத்தனை கோர், எத்தனை உரிமம், எந்தத் தேதியில் மாற்றினோம் என்பதை எழுதி வையுங்கள். உரிமத் தணிக்கை வந்தால் வாய்ப்பேச்சு எடுபடாது.

புதிய இயந்திரம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல், வேகமான சில கோர்கள் போதுமா என்று முதலில் கேளுங்கள். வீடு பார்க்கும்போதே அறைகளை எண்ணுவதுதானே புத்திசாலித்தனம்!