எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வேலைக்குப் போகிறீர்களா? ஒத்திகை பார்த்துவிட்டுப் போங்கள்

2024 ஏப்ரலில் சென்னையை அடுத்த பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குச் சேர்ந்த 26 வயது புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. பம்மலும் எங்கள் ஊரான திருநீர்மலையும் அடுத்தடுத்த ஊர்கள் என்பதால் அந்தச் செய்தி எங்கள் பக்கத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அந்தப் பயம் நியாயமானது. தீவிர சிகிச்சைப் பிரிவும், இந்த ஆபரேஷனைத் தொடர்ந்து செய்யும் குழுவும் இருக்கிற இடமா என்று கேட்டுத்தான் சேர வேண்டும். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சடைப்பு என்று தவித்துவிட்டு, டாக்டர் சொல்லி ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்புகிறவர்களும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் வீட்டில் சமைக்கிறவர்களுக்கும்தான் இந்தக் குறிப்புகள். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொன்னதே முடிவு.

1. தண்ணீர்தான் முதல் பரீட்சை. ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல ஒரு குழாயாக விடுகிறார்கள். பைபாஸில் இருப்பது அதைவிடச் சின்ன பை. அதில் ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று ஊற்ற முடியாது. ஆனாலும் நாளுக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போயாக வேண்டும். வீட்டில் முதல் சில நாள் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியையோ குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையையோ வைத்து, சில நிமிடத்துக்கு ஒரு வாய் என்று குடித்துப் பழகுங்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி மருத்துவமனைக்கு ஓடவேண்டி வருவதற்கு உடம்பில் நீர் வற்றுவது ஒரு முக்கியக் காரணம். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ, எழுந்ததும் தலை சுற்றினாலோ தண்ணீர் போதவில்லை. வேலை இடத்தில் கழிப்பறை சரியில்லை என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. இந்த உடம்பு இனி அதைத் தாங்காது.

2. வேலைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். லேப்ராஸ்கோப்பி என்றால் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு பொதுவாக 2 முதல் 4 வாரத்தில் அனுமதிப்பார்கள். நின்றுகொண்டே பார்க்கும் வேலை, பாரம் தூக்கும் வேலை என்றால் 6 வாரமோ அதற்கு மேலோ ஆகும். தேதி குறித்துக் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக அன்று காலை நேராக பஸ் ஏறாதீர்கள். முந்தின வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆபீஸ் நாளாகவே வாழ்ந்து பாருங்கள். அதே நேரத்துக்கு எழுந்து, டப்பா கட்டி, பஸ் ஸ்டாப் வரை நடந்து போய்வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, டீ நேரத்தில் டீ நேரத்துச் சாப்பாடு, மதியத்தில் மதியச் சாப்பாடு. மாலை ஆறு மணிக்குள் குடிக்கவேண்டிய தண்ணீர் முடிந்ததா, மாத்திரை எதுவும் விட்டுப்போனதா, மூன்று மணிக்கே கண் சொக்கியதா என்று குறித்துவையுங்கள். வீட்டிலேயே முடியாதது தாம்பரம் மெப்ஸ் தொழிற்பேட்டையில் எட்டு மணிநேர ஷிஃப்டில் முடியாது. அப்படியிருந்தால் டாக்டரிடம் இன்னும் ஒரு வாரம் கேட்பதில் தப்பில்லை. முதல் வாரம் அரை நாள் வேலை கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

3. சமையலறையில் படிப்படியாக. முதலில் தெளிந்த திரவம்: வடிகட்டிய பருப்புத் தண்ணி, காரமில்லாத ரசத்தின் தெளிவு, காய்கறி சூப், நீர்மோர். பிறகு இரண்டு வாரம் வரை பால், புரதப் பொடி கலந்த மோர், நன்றாக வடிகட்டிய கஞ்சி. மூன்றாம், நான்காம் வாரத்தில் மிக்ஸியில் அடித்த பருப்பும் காயும், மசித்த முட்டை. அதற்குப் பிறகு குழைந்த சாதம், இட்லி, மீன், பனீர். சாதாரணச் சாப்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நான்காம் வாரத்திலேயே வேலைக்குப் போகிறவர் மசித்த சாப்பாட்டைத்தான் கொண்டுபோகிறார் என்பது இதிலிருந்து புரியும். வாய் அகலமான சின்ன ஃபிளாஸ்க் ஒன்று வாங்கிவையுங்கள். கேன்டீனில் கிடைப்பது எதுவும் முதல் இரண்டு மாதம் உங்களுக்கானது இல்லை.

4. தட்டில் முதல் வாய் புரதம். நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு இட்லியில் 2 கிராம்தான். காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி தோசை என்று நம் வழக்கப்படி போனால் எடை குறையும், ஆனால் தசையும் சேர்ந்து கரையும். ஆகவே முட்டை, மீன், கோழி, பனீர், பருப்பு, சுண்டல் இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டு, இடம் இருந்தால் காய், கடைசியாகச் சோறு. சத்துமாவுக் கஞ்சி நல்லதுதான், ஆனால் அதில் பெரும்பகுதி தானியம் என்பதை மறக்க வேண்டாம். மாவரைக்கும்போது பொட்டுக்கடலையையும் சோயாவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

5. சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. சாப்பிட்டு அரை மணிநேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். சின்னக் கிண்ணம், குழந்தை ஸ்பூன், ஒரு வேளைக்கு இருபது நிமிடம். சோடா, கூல்டிரிங்க்ஸ் வேண்டாம். மதிய இடைவேளை அரை மணிதான் என்றால் மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே பேசி, ஒரே இடைவேளைக்குப் பதிலாக இருபது நிமிடம், பத்து நிமிடம் என்று பிரித்துக் கேளுங்கள்.

6. திருநீர்மலை கல்யாணங்கள். முகூர்த்த நாளில் எங்கள் ஊரில் மண்டபம் மண்டபமாகப் பந்தி நடக்கும். அழைப்பு வந்தால் போகாமல் இருக்க முடியாது. வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முதல் ஆண்டில் பாயசமும் ஜாங்கிரியும் எடையை மட்டும் கெடுப்பதில்லை. சர்க்கரை சிறுகுடலுக்குள் வேகமாக இறங்கினால், குறிப்பாக பைபாஸ் செய்தவருக்கு, நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு முறுக்கிப் பேதியாகும். இளநீரும் பழச்சாறும்கூட மெல்லத்தான். "இன்னும் ஒரு கரண்டி வச்சிக்கோங்கக்கா" என்று பரிமாறுகிறவரிடம், "வயித்துல ஆபரேஷன் ஆயிருக்குப்பா, போதும்" என்று சொன்னால் போதும், மேலே கேட்க மாட்டார்கள். ஆபீஸிலும் அதே ஒரு வரி போதுமானது. எந்த ஆபரேஷன், எத்தனை கிலோ குறைந்தது என்று யாருக்கும் விளக்கம் தரவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

7. கேன் தண்ணீரைத் தொடாதீர்கள். நம் பகுதியில் பெரும்பாலான வீட்டில் 20 லிட்டர் கேன்தான் குடிதண்ணீர். அது 20 கிலோ. நிறைந்த கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. வெளியே தெரியும் காயம் நகக்கண் அளவுதான் என்றாலும் உள்ளே தசை ஆற வாரங்கள் ஆகும், அதற்குள் பாரம் தூக்கினால் அந்த இடத்தில் குடலிறக்கம் வரலாம். கேன் போடும் தம்பியிடம் கவிழ்த்துவைத்துவிட்டே போகச் சொல்லுங்கள். லாரித் தண்ணீர் பிடிப்பது, ஈரத்துணி வாளியை மாடிக்கு ஏற்றுவது, குழந்தையைத் தூக்குவது எல்லாம் இதில் சேர்த்திதான்.

8. போக்குவரத்து. ஆபீஸ் கடற்கரைப் பக்கம் என்றால் பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ நெரிசலில் ஏறாமல், சில வாரத்துக்குத் தாம்பரம் போய் அங்கிருந்தே புறப்படும் லோக்கலில் உட்கார்ந்து வாருங்கள். சுற்றுதான், ஆனால் நின்றுகொண்டு வயிற்றில் முழங்கை வாங்குவதைவிட மேல். திடீரென்று பிரேக் அழுத்தினாலும் வயிறு வலிக்காது என்ற நிலை வரும்வரை பைக், ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம். ஷேர் ஆட்டோவில் ஓரத்தில் தொற்றிக்கொண்டு போகவே கூடாது. வேலை இடத்தில் மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், காலில் ரத்தம் உறையாமல் இருக்கும்.

9. லீவுக்கான காகிதங்கள். மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்கள் பெரும்பாலும் இ.எஸ்.ஐ.யில் இருப்பார்கள். பங்களிப்புக் காலமான ஆறு மாதத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அந்த உதவி பெறும் காலத்தில் வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்பது சட்டம். சான்றிதழை இ.எஸ்.ஐ. டாக்டரிடம் வாங்கவேண்டும், நாள் தள்ளாதீர்கள். தனியார் காப்பீட்டில், உடல் நிறை குறியீடு 40ஓ அதற்கு மேலோ, அல்லது 35ஓ அதற்கு மேலோ இருந்து கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சடைப்பு போன்றவை சேர்ந்திருந்தால்தான் பொதுவாக இந்த ஆபரேஷனுக்குப் பணம் வரும். ஜி.எஸ்.டி. ரோட்டு ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பிள்ளைகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: 2021ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டார்கள். நாற்காலி கேட்பது சலுகை கேட்பதாகாது.

10. வாந்தி நிற்கவில்லையா, பி1 கேளுங்கள். இந்தக் குறிப்பை மட்டுமாவது வெட்டிப் பிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். வேகமாகச் சாப்பிட்டு ஒருமுறை வாந்தி வருவது சகஜம். இரண்டு மூன்று நாள் எதுவும் தங்காமல் வாந்தியெடுத்தால் உடம்பில் தயமின் எனும் பி1 சத்து வேகமாகக் குறையத் தொடங்கும். அந்த நிலையில் தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மீதமிருந்த பி1ஐயும் அது இழுத்துக்கொண்டு மூளையைப் பாதிக்கலாம். நடை தள்ளாடுவது, கண் இரண்டிரண்டாகத் தெரிவது, பேச்சு குழம்புவது அதன் அடையாளங்கள். எங்கே போனாலும் "எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆனவர், குளுக்கோஸுக்கு முன்னாடி தயமின் போடுங்க" என்று கூடப்போகிறவர் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போனில் படமெடுத்து வீட்டில் இருவரிடமாவது கொடுத்துவையுங்கள். நீங்கள் பேசமுடியாத நேரத்தில் அதுதான் பேசும்.

11. உடனே கிளம்பவேண்டிய அறிகுறிகள். சும்மா படுத்திருக்கும்போதே நாடி 120ஐத் தாண்டுவது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, தோள்பட்டை வலி, மூச்சிறைப்பு, ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்குவது, கறுப்பாக மலம் போவது. உள்ளே தையல் போட்ட இடத்தில் கசிவோ நுரையீரலில் ரத்தக்கட்டியோ இருக்கலாம். காலையில் பார்க்கலாம் என்று விடாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

12. வலி மாத்திரை. டைக்லோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகைகள் வேண்டாம், பைபாஸ் செய்தவர்கள் ஒருபோதும் போடாதீர்கள், புண் வரும். தலைவலிக்கு பாராசிட்டமால். பல் பிடுங்கப் போனாலும் முதலில் ஆபரேஷனைச் சொல்லுங்கள்.

13. சர்க்கரை, பி.பி. மாத்திரைகளின் அளவு பலருக்கு முதல் வாரத்திலேயே குறையும். பழைய சீட்டை வைத்து வாங்கிப் போட்டால் வேலை இடத்தில் மயங்கி விழ நேரும். வீட்டில் அளந்து எழுதி, டாக்டரிடம் காட்டி மாற்றுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடித்துப் போடக் கூடாது.

14. முடி கொட்டும். மூன்றாம் மாதம் தொடங்கி ஆறாம் மாதம் வரை சீப்பில் கற்றையாக வரும். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப வளரும். விலை உயர்ந்த எண்ணெய் தேவையில்லை. மோதிரத்தை நழுவி விழுமுன் கழற்றிவையுங்கள். எடை நிலைக்கும்வரை புதுத்துணி எடுக்க வேண்டாம், இருப்பதைப் பிடித்துத் தைக்க ஒரு நல்ல தையற்காரர் போதும்.

15. திருநீர்மலை மலைக்கோயில் படிகள். நடப்பதுதான் இந்தக் காலத்துக்கு ஏற்ற உடற்பயிற்சி. ஆனால் முதலில் சமதளம்: கீழே நீர்வண்ணப் பெருமாள் கோயில், குளக்கரை, நம் தெரு. மேலே ரங்கநாதரைப் பார்க்கப் படியேறுவது டாக்டர் சரி என்றபிறகு, வெயிலுக்கு முன், தண்ணீர் பாட்டிலோடு.

16. குழந்தைக்குத் திட்டமிடுகிற பெண்கள் 12 முதல் 18 மாதம் பொறுக்க வேண்டும். எடை குறைந்ததும் கரு நிற்கும் வாய்ப்பு கூடும், பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் சேராமலும் போகலாம். வேறு முறையை மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள்.

17. புரட்டாசியும் ஏகாதசியும். சைவமாக இருக்கும் மாதத்தில் முட்டை, மீனுக்குப் பதிலாகப் பனீர், சோயா, பச்சைப்பயறு, கெட்டித் தயிர் என்று முன்னதாகவே பட்டியல் போடுங்கள். தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் வேண்டவே வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் முதலில் சம்மதிக்காவிட்டாலும், டாக்டரின் சொல்லை அவர்கள் காதில் போட்டுவிட்டால் ஒப்புக்கொள்வார்கள்.

18. ஆயுளுக்கும் மாத்திரை. வைட்டமின், இரும்பு, கால்சியம், பி12, டி: எடை குறைந்துவிட்டது, நன்றாகத்தான் இருக்கிறோம் என்று இரண்டாம் ஆண்டில் பலரும் நிறுத்திவிடுவது இதைத்தான். இரும்பும் கால்சியமும் சேர்ந்து போனால் இரும்பு சரியாகச் சேராது, நடுவில் இரண்டு மணிநேரம் விடுங்கள். காபி, டீயோடும் இரும்பு வேண்டாம். கால்சியத்தைப் பிரித்துப் போடவேண்டியிருப்பதால் ஒரு வேளை மாத்திரை ஆபீஸ் டிராயரில் இருக்கட்டும். ரத்தப் பரிசோதனை 3, 6, 12ஆம் மாதங்களில், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, ஃபெரிட்டின், பி12, டி, கால்சியம் எல்லாம் கேட்டு எழுதி வாங்குங்கள்.