கேய்லி சட்டம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காணாமல் போன குழந்தையைப் பற்றி உரிய நேரத்தில் போலீசுக்குத் தெரிவிக்காத பெற்றோரைத் தண்டிக்கும் அமெரிக்கச் சட்டங்களைக் ‘கேய்லி சட்டம்’ என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் இரண்டு வயதுக் குழந்தை கேய்லி 2008 ஜூன் மத்தியிலிருந்து கண்ணில் படவில்லை. ஒரு மாதம் கழித்து, ஜூலை 15 அன்று, போலீசை அழைத்தவர் பாட்டி. தாய் கேசி ஆண்டனி அல்ல. டிசம்பரில் குழந்தையின் எலும்புகள் கிடைத்தன. 2011 ஜூலை 5 அன்று ஜூரி தாயைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அந்தத் தீர்ப்பின் மீது எழுந்த கோபத்தில் பிறந்தவை இச்சட்டங்கள்.

நம்பிக்கை: இது அமெரிக்கா முழுவதற்கும் ஒரே சட்டம்.

உண்மை: அப்படி ஒரு மத்தியச் சட்டம் இல்லை. குழந்தை காணாமல் போனால் 24 மணி நேரத்துக்குள்ளும் இறந்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் கேட்ட இணைய மனுவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஆனால் இத்தகைய குற்றங்களை வரையறுப்பது பெரும்பாலும் மாநிலங்களின் வேலை. நியூ ஜெர்சி 2012 ஜனவரியில் 24 மணி நேரக் கெடுவைச் சட்டமாக்கியது. மீறினால் 18 மாதம் வரை சிறை. வேடிக்கை என்னவென்றால், சம்பவம் நடந்த ஃப்ளோரிடா கெடு எதையும் விதிக்கவில்லை. காணாமல் போன சிறாரைப் பற்றிய விசாரணையில் பொய் சொல்லி, அந்தச் சிறார் இறந்திருந்தாலோ படுகாயமடைந்திருந்தாலோ, அந்தப் பொய்யை ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியதோடு நிறுத்திக்கொண்டது. இறப்பைத் தெரிவிக்க மனு கேட்ட ஒரு மணி நேரக் கெடுவை அது ஒதுக்கியது சரிதான். தூக்கத்தில் இறந்த குழந்தை எப்போது இறந்தது என்று எந்தப் பெற்றோரால் சொல்ல முடியும்?

நம்பிக்கை: கேசி ஆண்டனிக்குத் தண்டனையே கிடைக்கவில்லை, புதிய சட்டத்தால் அவரை மறுபடி பிடிக்கலாம்.

உண்மை: போலீசிடம் பொய் சொன்னதாக நான்கு குற்றங்களில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது, அவற்றில் இரண்டை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் நீக்கியது. புதிய சட்டம் அவரைத் தொடாது. செய்தபோது குற்றமாக இல்லாத செயலைப் பின்னால் வந்த சட்டத்தால் தண்டிக்க அமெரிக்க அரசமைப்பு இடம் தருவதில்லை.

நம்பிக்கை: இச்சட்டம் இருந்தால் கொலைகாரப் பெற்றோர் பயந்து உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

உண்மை: ஆயுள் தண்டனைக்கோ மரண தண்டனைக்கோ அஞ்சாதவர் 18 மாதச் சிறைக்கா அஞ்சுவார்? குற்றம் செய்தவரைத் தானே புகார் கொடுக்கக் கட்டாயப்படுத்துவது, தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமையோடு மோதும் என்ற வாதமும் உண்டு. கொலையை நிரூபிக்க முடியாத இடத்தில், மறைத்ததற்காவது தண்டனை வாங்கித் தரலாம் என்பதே இச்சட்டத்தின் நடைமுறைப் பயன்.

நம்பிக்கை: 24 மணி நேரம் கழிந்த பிறகே போலீஸ் புகாரை வாங்கும்.

உண்மை: குழப்பங்களிலேயே ஆபத்தானது இதுதான். 24 மணி நேரம் என்பது பெற்றோருக்கு விதித்த கடைசி எல்லை. அதுவரை காத்திருக்கச் சொல்லவில்லை. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை வாங்கப் போலீஸ் காத்திருக்க வைக்கக் கூடாது என்று 1990ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கூறுகிறது. புகார் வந்த இரண்டு மணி நேரத்துக்குள் விவரத்தைத் தேசியக் குற்றத் தகவல் தொகுப்பில் பதிய வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் ஆடம் வால்ஷ் சட்டம் கட்டளையிடுகிறது.