வாடகை வீட்டு வாசலில்: உரிமையும் அமானிதமும்



தென்காசியிலும் குற்றாலத்திலும் வாடகை வருமானத்தை நம்பி வாழும் குடும்பங்கள் நம்மில் அதிகம். வளைகுடாவில் உழைத்த காசில் மாடி கட்டி வாடகைக்கு விட்டவர்கள் இருக்கிறார்கள். கணவரை இழந்த பின் அந்த வாடகை ஒன்றையே நம்பியிருக்கும் தாய்மார்களும் இருக்கிறார்கள். வாடகை வீட்டில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கும் குறைவில்லை. இந்த இரு தரப்பிலிருந்தும் நம் டிரஸ்டுக்கு முறையீடுகள் வருகின்றன.

குடியிருப்பவர்கள் சொல்வது இது: "வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறார். மாற்றுச் சாவி போட்டுத் திறந்துவிடுகிறார். பெண்டுபிள்ளைகள் தனியாக இருக்கும் நேரம் என்றும் பார்ப்பதில்லை."

வீட்டுக்காரர்கள் சொல்வது இது: "யார் யாரோ வந்து தங்குகிறார்கள். உள்ளே கஞ்சா வைத்திருந்தாலோ, செடியே வளர்த்தாலோ என் கதி என்ன? என் வீட்டுக்குள் போய்ப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?"

இரண்டு அச்சங்களிலும் நியாயம் இருக்கிறது. மார்க்கமும் நாட்டுச் சட்டமும் இதில் என்ன சொல்கின்றன என்பதை இந்த இதழில் படிப்போம்.

வாடகைக்கு விட்ட வீடு யாருடையது?

வாடகையை மார்க்கச் சட்டம் 'இஜாரா' என்கிறது. ஒரு பொருளின் உடைமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதன் பயனைக் குறிப்பிட்ட காலத்துக்கு விலைக்குக் கொடுப்பதுதான் இஜாரா. சுவரும் கூரையும் வீட்டுக்காரருக்குச் சொந்தம். அதற்குள் குடியிருக்கும் உரிமை, வாடகை கொடுக்கும் காலம்வரை குடியிருப்பவருக்குச் சொந்தம். விற்ற பொருளை வாங்கியவரிடம் கேட்காமல் எடுப்பது எப்படித் தவறோ, அப்படித்தான் கேட்காமல் உள்ளே நுழைவதும்.

நூர் அத்தியாயத்தின் 27, 28 வசனங்களில் அல்லாஹ் இதைத் தெளிவாக்குகிறான். பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, சலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும். உள்ளே யாரும் இல்லையென்றால் அனுமதி கிடைக்கும்வரை நுழையக் கூடாது. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும். மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்தது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அனுமதி கேட்கும் விதியே பார்வையைக் காக்கத்தான் ஏற்பட்டது என்றும் அவர்கள் விளக்கினார்கள்.

வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது இதில் பேச்சில்லை. உள்ளே யார் வசிக்கிறார்கள் என்பதே கேள்வி. மாற்றுச் சாவி கையில் இருப்பது அனுமதி ஆகாது.

சட்டம் சொல்லும் 24 மணி நேரம்

நம் மாநிலத்தில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-இல் இயற்றப்பட்ட வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

• வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டுமானால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். காரணம், நாள், நேரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

• பழுது பார்ப்பது, வீடு குடியிருக்கத் தக்க நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது, ஒப்பந்தத்தில் எழுதியுள்ள வேறு நியாயமான காரணம் ஆகியவற்றுக்காக வரலாம்.

• வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்ய வேண்டும்.

• ஆளைக் காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது.

• சட்டவிரோதமான காரியத்துக்கு வீட்டைப் பயன்படுத்தினால், வீட்டைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்தை நாடலாம்.

தீப்பிடிப்பது, உயிருக்கு ஆபத்து போன்ற நேரங்களில் நோட்டீஸுக்காக யாரும் காத்திருக்கப் போவதில்லை. அது நிர்ப்பந்தம், மார்க்கமும் அதை ஏற்கிறது. ஆனால் "சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாமே" என்பது நிர்ப்பந்தம் அல்ல.

சீசன் நேரத்தில் ஓரிரு நாளுக்கு விடும் லாட்ஜ் அறைகள் இந்தச் சட்டத்தில் வருவதில்லை. என்றாலும் அனுமதி கேட்கும் ஒழுக்கம் அங்கேயும் மாறாது. அறையில் இருப்பது ஒரு குடும்பம்தான். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்ததையும் நினைவில் வைப்போம்.

கஞ்சாச் செடி: வெளிநாட்டு வீடியோவும் நம் நாட்டுச் சட்டமும்

கஞ்சா என்றால் மலையோரத் தோட்டத்தில் வளர்வது என்றுதான் நாம் நினைத்திருந்தோம். 2023 ஜூன் மாதம் கர்நாடக மாநிலம் சிவமொக்காவில், வாடகை வீட்டுக்குள் கூடாரம் அமைத்து, எல்.இ.டி. விளக்கும் மின்விசிறியும் வைத்துக் கஞ்சா வளர்த்ததாக மருத்துவ மாணவர்கள் கைது செய்யப்பட்டார்கள். நாளை டாக்டராக வேண்டிய பிள்ளைகள்! அந்த வீட்டைக் கட்டியவர், அதன் ஓர் அறை இப்படிப் பேசப்படும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர், "வீட்டில் ஒன்றிரண்டு செடி வளர்த்தால் தப்பில்லை" என்று பேசிக்கொள்கிறார்கள். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் ஒரு வீட்டுக்கு 4 செடிகள் வரை வளர்க்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. அங்கேயே கியூபெக் மாகாணம் வீட்டில் வளர்ப்பதைத் தடை செய்திருக்கிறது. அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் 2023-இல் அந்தத் தடை செல்லும் என்றது. அங்குள்ள நிலைமை அது. நம் நாட்டு நிலைமை முற்றிலும் வேறு.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் கஞ்சாச் செடி பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. இத்தனை செடிக்குக் கீழே என்றால் விடுதலை என்ற கணக்கு அதில் இல்லை. தானாக முளைத்ததா, பயிரிட்டதா என்பதை நீதிமன்றம் ஆராயும். தொட்டியில் நட்டு, விளக்குப் போட்டு வளர்த்ததைத் தானாக முளைத்தது என்று யார் சொல்ல முடியும்?

மார்க்கத்தில் இதற்கு விளக்கமே தேவையில்லை. போதை தரும் ஒவ்வொன்றும் மதுவே, அது ஹராம் என்பது நபிமொழி. அதிகம் போதை தருவதில் சிறிதளவும் ஹராம் என்பதும் நபிமொழி. குடித்தாலும் புகைத்தாலும் சட்டம் ஒன்றுதான்.

'தெரிந்தே' என்ற ஒரு சொல்

இப்போது வீட்டுக்காரரின் கேள்விக்கு வருவோம். அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு, தன் வீட்டையோ அறையையோ இடத்தையோ இந்தக் குற்றங்களுக்குப் பயன்படுத்தத் தெரிந்தே அனுமதிப்பவருக்கும் குற்றம் செய்தவருக்குரிய அதே தண்டனையைச் சொல்கிறது. நிலம் வைத்திருப்பவர், அதில் கஞ்சா பயிரிடப்பட்டிருப்பதை அறிந்தும் அதிகாரிகளுக்குச் சொல்லாமல் இருந்தால் அதுவும் குற்றம் என்கிறது 46-ஆம் பிரிவு. தோப்பைக் குத்தகைக்கு விட்டவர்கள் கவனிக்க வேண்டும்.

இரண்டிலும் 'தெரிந்தே' என்பதுதான் அச்சாணி. ஒவ்வொரு வாரமும் உள்ளே போய் அலமாரியைத் திறந்து பார் என்று சட்டம் வீட்டுக்காரருக்குக் கட்டளையிடவில்லை. தெரிந்த பின் கண்ணை மூடிக்கொள்ளாதே என்றுதான் சொல்கிறது.

நம் முன்னோர் வகுத்த எல்லையும் இதுவே. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் இரவு வலம் வந்தபோது நடந்ததாக ஒரு சம்பவத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் எடுத்துச் சொல்கிறார்கள். ஒரு வீட்டில் சத்தம் கேட்டுச் சுவரேறிக் குதித்த கலீஃபா, அங்கே ஒருவர் பாவத்தில் இருப்பதைக் கண்டு கண்டித்தார்கள். அந்த மனிதர் பணிவோடு சொன்னார்: நான் செய்தது ஒரு தவறு, நீங்கள் செய்தது மூன்று. துருவித் துருவி ஆராயாதீர்கள் என்றான் அல்லாஹ், ஆராய்ந்தீர்கள். வாசல் வழியே வாருங்கள் என்றான், சுவரேறி வந்தீர்கள். சலாம் சொல்லி அனுமதி கேளுங்கள் என்றான், கேட்கவில்லை. கலீஃபா அதை ஏற்று, அவர் திருந்துவதாக வாக்களித்த பின் திரும்பிச் சென்றார்கள். ஆட்சித் தலைவருக்கே அந்த எல்லை என்றால் வீட்டுக்காரர் எம்மாத்திரம்?

மறுபக்கமும் உண்டு. ஒருவர் தாடியில் மது சொட்டுகிறது என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் சொல்லப்பட்டது. துப்பறிய நமக்குத் தடை இருக்கிறது, ஆனால் ஒன்று வெளிப்படையாகத் தெரிந்தால் அதன் மீது நடவடிக்கை எடுப்போம் என்பது அவர்கள் தந்த பதிலின் கருத்து. இது அபூதாவூதில் உள்ளது.

துப்பறியாதே, வெளிப்பட்டதை மறைக்காதே. முழுப் பாடமும் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

சந்தேகத்தையும் அறிவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜன்னலுக்கு எந்நேரமும் திரை போட்டிருப்பது சந்தேகத்துக்குரியது என்றால், நம் வீடுகளில் பாதி சந்தேகத்துக்குரியவைதான். இரவில் விளக்கு எரிவதும், தனியாக இருக்கும் இளைஞர்கள் என்பதும், வேற்று ஊர்க்காரர் என்பதும் குற்றத்துக்கு அத்தாட்சி அல்ல. வெளியூரில் நம் பெயரைக் கேட்டதும் "வீடு காலியில்லை" என்று சொல்லப்பட்டபோது மனம் எவ்வளவு நொந்தது? அந்த வேதனையை நாம் பிறருக்குத் தரலாமா?

வெளிப்பட்டுவிட்டால் என்ன செய்வது?

முறையாகச் சொல்லிவிட்டுப் பழுது பார்க்கப் போகும்போது செடி கண்ணில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

1. அதைத் தொடாதீர்கள், பிடுங்கி வெளியே எறியாதீர்கள். பிடுங்கியது உங்கள் கையில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களும்தான். சாட்சியத்தை அழித்தவர் என்ற பெயரும் வரும்.

2. ஆட்களைக் கூட்டி அடிப்பதோ, பூட்டுப் போடுவதோ, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புவதோ வேண்டாம்.

3. அன்றே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். 1933 என்ற தேசிய போதைப்பொருள் தடுப்பு உதவி எண்ணிலும் சொல்லலாம்.

4. சோதனை போடுவது அதிகாரம் பெற்ற அதிகாரியின் வேலை. அவருக்கும் தகவலை எழுத்தில் பதிவது முதல் இரவுச் சோதனைக்குக் காரணம் எழுதுவது வரை 42-ஆம் பிரிவு வரம்பு வைத்திருக்கிறது.

5. வாடகைத் தகராறைத் தீர்க்க இதைப் பயன்படுத்தாதீர்கள். வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுத்து ஒருவரைக் கைது செய்யவோ சோதனைக்கு ஆளாக்கவோ வைத்தால் 2 ஆண்டு வரை சிறை என்கிறது 58-ஆம் பிரிவு. அவதூறின் பாவம் அதற்கு மேல்.

நம் பிள்ளையாக இருந்தால்?

மாடி அறையிலோ, படிக்கப் போன ஊரின் வாடகை வீட்டிலோ அகப்படுவது நம் பிள்ளையாகவும் இருக்கலாம். ஊர் தெரிந்தால் மானம் போய்விடும் என்று மூடி வைக்கும் குடும்பங்கள், பிள்ளை சிறைக்குப் போன பிறகே எழுந்து நிற்கின்றன. போதைக்கு அடிமையானவர் சிறிய அளவு சம்பந்தப்பட்ட வழக்கில் சிக்கி, தானே முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் முழுமையாகச் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெற 64-ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. வளர்ப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. ஆகவே ஆரம்பத்திலேயே கூட்டி வாருங்கள். அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேளுங்கள். வாப்பாவும் உம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் பாதி வழி கடந்த மாதிரி.

வீடு விடும்முன், வீடு எடுக்கும்முன்

வீட்டுக்காரர்கள், ஆதார் நகலும் வேலை அல்லது கல்லூரி விவரமும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டைச் சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும், 3 மாதத்துக்கு ஒரு முறை முன்னறிவிப்போடு வீட்டைப் பார்ப்போம் என்றும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள், தங்கள் சார்பில் யார் வருவார் என்பதைப் பெயரோடு எழுதுங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு வீட்டுக்காரர் தன் வீட்டுப் பெண்ணையும் உடன் அழைத்துச் செல்வது அழகு.

குடியிருப்பவர்கள், முறைப்படி தகவல் சொல்லி வருபவரைத் தடுக்காதீர்கள். உங்கள் பெயரில் எடுத்த வீட்டை வேறு யாருக்கும் கைமாற்றிக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதபோது, முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க

• நம் வீட்டு மாற்றுச் சாவியை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்?

• சந்தேகப்பட்டதற்கும் கண்ணால் கண்டதற்கும் உள்ள வித்தியாசத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

• நம் பிள்ளை தங்கியிருக்கும் அறைக்கு நாம் கடைசியாக எப்போது போனோம்?

வாடகைக்கு விட்டவரிடம் வீடு அமானிதம். குடியிருப்பவரிடமும் அது அமானிதம்தான். இருவரும் அதைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. நம் பிள்ளைகளை எல்லாப் போதையிலிருந்தும் காப்பானாக. ஆமீன்.