ரப்பர் முத்திரைக்கு ஏற்ற வர்ணங்கள்

அழிப்பான் ரப்பரைச் செதுக்கி முத்திரை செய்யும் பயிற்சியில் கத்தியைக் குறித்து ஆசிரியர்கள் கொள்ளும் எச்சரிக்கையில் பாதியேனும் வர்ணத்தைக் குறித்துக் கொள்வதில்லை. விரலில் ஒட்டிய வர்ணம் குழந்தையின் வாய்க்குச் செல்வது இயல்பு. இதை மனத்திற்கொண்டே வர்ணத்தைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

பெயர் அச்சிடாத பொட்டலங்களில் கிடைக்கும் பளிச்சென்ற மஞ்சள் தூள் ஈயக் குரோமேட்டாக இருக்கக்கூடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கண்ணாலோ மூக்காலோ அதனை அறிய இயலாது. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகள் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்காக வரையறுத்துள்ளன. எனினும் அவை வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளைப் பற்றியவை. "இயற்கையானது" என்று மஞ்சள் தூளை நாடுவோரும் உளர். அதிலும், மெருகேற்றிய கிழங்கிலுங்கூட, இதே கலப்படம் கண்டறியப்பட்டுள்ளது. பளபளக்கும் இளஞ்சிவப்புத் தூள் ரோடமின் பி என்னும் துணிச்சாயமாக இருக்கலாம். அலுவலக ஊதா மையில் வழக்கமாகச் சேரும் மெத்தில் வயலட் கண்ணுக்குத் தீங்கானது.

உணவுக்கு அனுமதிக்கப்பட்ட வர்ணங்களே வகுப்பிற்கு உகந்தவை. டார்ட்ரசீன் மஞ்சள், பிரில்லியண்ட் புளூ நீலம் ஆகிய இரண்டும் சேர்ந்தால் பச்சையும் கிடைக்கும். தூளை ஆசிரியரே சிறிது நீரில் கரைத்து, கிளிசரின் சேர்த்து, பஞ்சுத் திண்டில் ஊற்றுக; தூள் பறந்து மூச்சில் புகலாகாது. கிளிசரின் காற்றின் ஈரத்தை ஈர்ப்பதால் திண்டு விரைவில் உலராது. இவ்வர்ணம் வெயிலில் மங்கும்; துணியில் கறையும் படும். பயிற்சிக்கு அது குறையன்று.

முத்திரையைச் சோப்பு நீரால் கழுவுக. மண்ணெண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிச் செதுக்கல் சிதையும்.