எஞ்சின் எண்ணெயும் கிணற்று நீரும்

நம் அங்கத்தினருள் பலர் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கின்றனர். அதன் எஞ்சின் எண்ணெயை வீட்டிலேயே மாற்றுதல் எளிது, கூலியும் மிச்சம். ஆயினும் முறையறிந்து செய்தல் அவசியம்.

எஞ்சினை இரண்டு மூன்று நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்துக. வெதுவெதுப்பில் எண்ணெய் இளகி, கசடையும் உடன்கொண்டு வடியும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அடியில் அகன்ற தட்டு வைத்து, டிரெயின் போல்ட்டைக் கழற்றுக. முழுதும் வடிந்தபின் புது வாஷரிட்டு முடுக்குக. அளவு மீறி முடுக்கினால் மரை கெடும். வண்டிக் கையேட்டில் கண்ட தரமும் அளவுமே ஊற்றத் தக்கவை. சிறு வண்டிகள் பலவற்றிற்கு ஏறத்தாழ 1 லிட்டர் போதும். அளவுகோலின் இரு கோடுகளுக்கிடையே எண்ணெய் நிற்றல் வேண்டும். குறைவும் தீது, மிகையும் தீது.

இனி, வடித்த எண்ணெயை என் செய்வது? வேலியோரம் கொட்டுவோர் உளர். தேய்ந்த உலோகத் துகளும் எரிந்த கசடும் கலந்த அவ்வெண்ணெய் மண்ணில் ஊறிக் கிணற்றைக் கெடுக்கும். பயிருக்குப் பாய்வதும், நூல் நனைப்பதும் அந்நீரே அன்றோ? 2016-ஆம் ஆண்டு விதிகள் அதனை அபாயக் கழிவுகளில் சேர்த்துள்ளன. ஆனால் சுத்திகரித்தால் அது மீண்டும் பயன்படும்.

ஒருவரது 1 லிட்டரை நாடி எவரும் வாரார். நூறு பேர் சேர்த்தால் 100 லிட்டர். மூடியிட்ட கேன்களில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற சுத்திகரிப்பாளரிடம் சங்கத்தின் வாயிலாக ஒப்படைக்கலாம். அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர் இதனை ஆலோசிப்பார்களாக.